பாப் எனும் உருளைக்கிழங்கு

ஜூல் என்று ஒரு கிரகம். பச்சைப் பசேல் வாயுக் கோளம், நம்ம வியாழனுக்குத் தம்பி மாதிரி. அதைச் சுற்றி ஐந்து நிலாக்கள். வானத்தில் தேடாதீங்க, கிடைக்காது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்கிற விளையாட்டுக்குள் மட்டும்தான் இதெல்லாம் இருக்கு. மெக்சிகோவில் ஸ்குவாட் என்ற நிறுவனம் உருவாக்கி, 2011 ஜூனில் முதல்முறையாக வெளியிட்டது. ராக்கெட் கட்டணும், ஏவணும், வெடிச்சா திரும்பக் கட்டணும். அவ்வளவுதான் கதை. நான் இதில் தொலைத்த ராத்திரிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் எண்ணிச் சொல்வார்கள் :-)

ஜூலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் லேத் நிலாவுக்குத்தான் ஓடுவார்கள். அங்கே காற்றும் உண்டு, கடலும் உண்டு. கொஞ்சம் வீம்பு பிடித்தவர்கள் டைலோவில் இறங்குவார்கள். காற்றே இல்லாமல் பெரிய நிலா, இறங்குவதற்குள் எரிபொருள் காலி. நடுவில் வால் என்று ஒரு பனி நிலா (பெயரைப் பார்த்தால் நம்மூர்க்காரர் யாரோ வைத்தது மாதிரி இருக்கும்). வெளியே கடைசியில் பாப், போல் என்று இரண்டு பொடிசுகள். அதில் பாப்தான் என் ஆள். பழுப்பு நிறம், கோணல் மாணல், சந்தையில் கடைசியாக மிஞ்சின உருளைக்கிழங்கு மாதிரி. ஆரம் வெறும் 65 கிலோமீட்டர். ஆனால் அதிலே ஒரு மலை கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு! தாழப் பறந்து சுற்றலாம் என்று நினைத்தால் அந்த மலை வந்து முகத்தில் அறையும்.

பாப்பில் இறங்குவது சுலபம், பாப்பைப் போய்ச் சேருவதுதான் பாடு. மற்ற பெரிய நிலாக்கள் ஜூலின் நடுக்கோட்டோடு ஒழுங்காகச் சுற்ற, இது மட்டும் 15 டிகிரி சாய்ந்த பாதையில் போகும். பாப் ஜூலைச் சுற்றும் வேகம் நொடிக்குச் சுமார் 1480 மீட்டர். அந்த வேகத்தில் போய்க்கொண்டே பாதையை 15 டிகிரி திருப்ப நொடிக்குச் சுமார் 390 மீட்டர் வேகமாற்றம் வேணும். பாப்பின் தரையை ஒட்டிச் சுற்றும் வேகமோ 200-க்கும் கீழே. அதாவது, இறங்கும் செலவைப் போல இரண்டு மடங்கு, வெறும் ஸ்டியரிங் திருப்புவதற்கே போய்விடும். கல்யாணச் செலவை விட மண்டபத்துக்குப் போகும் டாக்சிச் செலவு அதிகம் என்பது மாதிரி.

இதற்கு வழி உண்டு. தூரத்திலேயே, வேகம் குறைந்திருக்கும்போதே திருப்பிக்கொள்ள வேண்டும். நீளமான முட்டை வடிவப் பாதையில் ஜூலிடம் மாட்டிக்கொண்டு, அதன் தொலைவு முனையில் கப்பல் தூங்கி வழியும்போது சின்னதாக ஒரு தள்ளு. பிளஸ் ஒன்னில் கெப்ளர் விதியை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன் நான். தொலைவில் வேகம் குறையும் என்பது எனக்கு அப்போது வெறும் வாக்கியம். இங்கே எரிபொருள் முள் மெதுவாக இறங்குவதைப் பார்த்தபோதுதான் அது கையில் ஒட்டியது.

இறங்கிவிட்டால் கொண்டாட்டம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் கீழே வர ஆறு நொடி ஆகும். விண்வெளி வீரன் முதுகில் கட்டியிருக்கும் ஜெட் பையை வைத்தே பாப்பைச் சுற்றும் பாதைக்குப் போய்விடலாம், ராக்கெட்டே வேண்டாம். ஆனால் கணக்கு போட்டுப் பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? 65 கிலோமீட்டர் ஆரத்துக்கு இந்த ஈர்ப்பு வர என்ன அடர்த்தி இருக்கணும்? கன சென்டிமீட்டருக்குச் சுமார் 32 கிராம். பூமியில் கிடைக்கும் உலோகங்களிலேயே அடர்த்தியான ஆஸ்மியம் 22.6-தான்! விளையாட்டு சீக்கிரம் முடியட்டும் என்று கிரகங்களை எல்லாம் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டு, ஈர்ப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் வந்த வினை. பொய்தான், ஆனால் தெரிந்தே சொன்ன பொய்.

பாப்பில் இன்னொரு சமாச்சாரம் இருக்கு. ஒரு மலைச்சரிவில் பிரமாண்டமான ஒரு ஜந்து செத்துக் கிடக்கிறது. கணவாய் மீன் மாதிரி கைகளைப் பரப்பிக்கொண்டு. அதுதான் கிராக்கன். விளையாட்டின் ஆரம்ப நாட்களில், ரொம்ப தூரமும் ரொம்ப வேகமும் போன கப்பல்கள் காரணமே இல்லாமல் உதறி உதறித் துண்டு துண்டாகிவிடும். காரணம் கம்ப்யூட்டர் எண் வைக்கும் முறை. 32 பிட் தசம எண்ணில் ஏழு இலக்கம்தான் நம்பகம். ஒரு கோடி மீட்டர் தள்ளிப் போனால், ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே ஒரு மீட்டர் ஓட்டை விழுந்துவிடும். கப்பலின் ஒரு பாகம் இங்கே, ஒட்டியிருக்க வேண்டிய பாகம் ஒரு மீட்டர் தள்ளி. அப்புறம் உடையாமல் என்ன செய்யும்? ஆடியவர்கள் இந்தப் பிழைக்கு, கப்பல்களை விழுங்கும் நார்வேக்காரர்களின் கடல் பூதத்தின் பெயரை வைத்தார்கள். உருவாக்கியவர்கள், கப்பலை நடுவில் வைத்து உலகத்தை நகர்த்துகிற மாதிரி கணக்கை மாற்றி எழுதினார்கள். பூதத்தின் பிணத்தைப் பாப்பில் போட்டார்கள். யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத ஊராகப் பார்த்து! ஒரு பிழைக்கு இத்தனை மரியாதையோடு சமாதி கட்டினவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, எனக்கு ரொம்ப நாளாக உறுத்தியது வேறு. இந்த விளையாட்டில் நிலாக்கள் தண்டவாளத்தில் ஓடும் ரயில் மாதிரி. யாரும் யாரையும் இழுப்பதில்லை. கப்பலைக் கூட ஒரு நேரத்தில் ஒரே கிரகமோ ஒரே நிலாவோதான் இழுக்கும். பாப்பின் பாதை ஜூலிலிருந்து சுமார் 98 ஆயிரம் கிலோமீட்டருக்கும் 1 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் நடுவே ஊசலாடும். போலின் பாதை 1 லட்சத்து 49 ஆயிரத்தில் ஆரம்பிக்கிறது. இருவர் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. உள்ளே டைலோ மாதிரி ஒரு குண்டன் வேறு. நிஜ வானத்தில் இப்படிக் குடித்தனம் நடத்த முடியுமா?

முடியாது. பிரின்சிபியா என்று ஒரு மாட் இருக்கிறது. நியூட்டன் 1687-இல் போட்ட புத்தகத்தின் பெயர்தான். அதை நிறுவினால் எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கும், நிஜம் மாதிரியே. ஆனால் இருந்தது இருந்தபடி விட்டால் ஜூலின் குடும்பம் சிதறிவிடும். அதனால் அதை எழுதியவர்கள் நிலாக்களை இடம் மாற்றி வைத்தார்கள். பாப்பை இன்னும் வெளியே தள்ளி, திசையையும் திருப்பிவிட்டார்கள். மற்றவை இடஞ்சுழியாகச் சுற்ற, பாப் மட்டும் வலஞ்சுழி. செல்லப் பெயர் ரெட்ரோபாப்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் நிஜ வானத்தில் இப்படி ஒருத்தி இருக்கிறாள். சனியின் ஃபீபி. 1899-இல் வில்லியம் பிக்கரிங், பெருவில் எடுத்த புகைப்படத் தகடுகளில் கண்டுபிடித்த நிலா. புகைப்படம் மூலம் அகப்பட்ட முதல் நிலாவும் அதுதான். குறுக்களவு சுமார் 213 கிலோமீட்டர், சனியிலிருந்து சுமார் 1.3 கோடி கிலோமீட்டர் தள்ளி, பின்னோக்கிச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 550 நாள். பாப் ஒரே முகத்தை ஜூலுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும், ஃபீபியோ அத்தனை தூரத்தில் யாருக்கும் அடங்காமல் ஒன்பதே கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறாள். அடர்த்தி சுமார் 1.6-தான், ஆஸ்மியம் கீஸ்மியம் ஒன்றும் கிடையாது. சனியோடு பிறந்தவள் இல்லை, எங்கிருந்தோ வந்து பிடிபட்டவள் என்பதுதான் விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. காசினி விண்கலம் 2004 ஜூன் 11 அன்று, சனியை அடைவதற்கு மூன்று வாரம் முன்னால், 2068 கிலோமீட்டர் பக்கத்தில் அவளைக் கடந்து போனது. அத்தனை வெளியே இருப்பவளை உள்ளே போன பிறகு கிட்டத்தில் பார்க்க வாய்ப்பில்லை, போகிற வழியில் பார்த்தால்தான் உண்டு.

2025 மார்ச்சில் சனிக்கு ஒரே மூச்சில் 128 நிலாக்கள் கூடி, எண்ணிக்கை 274 ஆனது. எல்லாம் இந்த மாதிரி தூரத்துப் பொடிசுகள். பெரும்பாலானவை பின்னோக்கிச் சுற்றுபவை. ஏன்? ஒரே திசையில் போகும் இரண்டு பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ரொம்ப நேரம் போகும், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். எதிரெதிரே வந்தால் ‘விர்’ரென்று கடந்துவிடும், இழுக்க நேரமே இருக்காது. டைலோவின் தொல்லை ரெட்ரோபாப்புக்குக் குறைவதும் இப்படித்தான். நிஜ நிலாக்களுக்குச் சூரியனின் இழுப்புதான் பெரிய தொல்லை, அங்கேயும் பின்னோக்கிப் போகிறவைதான் கிரகத்திலிருந்து அதிக தூரம் வரை தாக்குப்பிடிக்கின்றன. வானத்தில் யுகயுகமாக நடந்து முடிந்த சலிப்பு இது. மாட் எழுதியவர்களும் பாப்பைக் காப்பாற்றப் போய் அதே பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது.

நான் இப்போது ரெட்ரோபாப்புக்கு ஒரு கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய வித்தை எதுவும் செல்லாது. வழக்கம்போல இடஞ்சுழியாக ஜூலுக்குள் நுழைந்தால், இருக்கிற வேகம் அத்தனையும் கொன்று, எதிர்ப்பக்கம் அதே வேகத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் பயணத்தின் பாதியிலேயே கொஞ்சமாகத் தள்ளி, ஜூலின் அந்தப் பக்கமாகப் போய் நுழையணும். அதற்கு நொடிக்குச் சில மீட்டர் போதும், கொள்ளை மலிவு. ஆனால் டைலோவை உரசி வேகத்தைக் குறைக்கும் தந்திரம் போச்சு. அது இப்போது எதிரே வரும் பஸ், பிடித்து நிறுத்த அதற்கும் நேரம் இருக்காது. என்ஜினைத்தான் நம்பணும். ஒரு டேங்க் கூடச் சேர்த்திருக்கிறேன். பூமிக் கணக்கில் சுமார் 280 நாள் பயணம், வேகமாக ஓட்டினால் ஒரு காபி நேரம். கிராக்கனும் பாப்போடு சேர்ந்து தலைகீழாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும், போய் ஒரு போட்டோ எடுக்கணும்.