‘ஒப்புக்கொண்டார்’ என்று படித்தால் கேளுங்கள்... யாரிடம்?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எங்கள் கண்ணில் தினமும் ஒரு முறையாவது பட்டுவிடும் வரி இது: ‘விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.’ போனில் இந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பலர் மனதில் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே, அப்புறம் என்ன விசாரணை என்ற எண்ணம்.

சட்டம் அவ்வளவு அவசரப்படுவதில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை, சொன்னவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்ட முடியாது என்றது 1872-ம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷிய அதினியமும் 23-ம் பிரிவில் அதையேதான் சொல்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் கதை வேறு. அங்கேயும், “நீங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொன்னால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம்” என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். சொந்த விருப்பத்தில்தான் சொல்கிறார் என்று நம்பினால்தான் அதைப் பதிவு செய்யலாம்.

டிப்ளமோ வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு ஏரலில் இருக்கும் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. ஒருமுறை வீட்டில் காசு காணாமல்போனது. மாமா கையில் கம்போடு தன் மகனை மிரட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி அடுப்படியில் இருந்தே சத்தம் போட்டாள்: “கம்ப கீழ போட்டுட்டு கேளுல. அடிக்குப் பயந்தா எடுக்காதவனும் ஒத்துக்கிடுவான்!” ஆச்சி ஐந்தாம் வகுப்பு. சாட்சியச் சட்டம் என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

அவள் சொன்ன ‘ஒத்துக்கிடுவான்’, நாங்கள் எழுதும் ‘ஒப்புக்கொண்டார்’ இரண்டுமே ‘ஒத்திருப்பது’ என்ற பொருளில் இருந்து வந்தவை. நடந்ததும் நான் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். அடித்து வாங்கினால் வாய் திறக்கும். ஆனால் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

‘கையொப்பம்’ என்ற சொல்லுக்குள்ளும் அந்த ‘ஒப்பு’ இருக்கிறது. எங்கள் தாத்தா பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பற்று நோட்டில் பாக்கியைக் கூட்டிப்போட்டு, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவார். “ஆமா அண்ணாச்சி, பாக்கி இருக்கு” என்று வாயால் சொன்னால் போதாதா என்று சின்ன வயதில் தோன்றும். போதாது. பொதுவாகக் கைமாற்று, புரோநோட்டுக் கடன்களுக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள், கடன் வாங்கியவர் பாக்கி இருப்பதை ஏற்று எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18-ம் பிரிவு இது. கடன் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் இரண்டு பேருமே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

சட்டத்துக்கும் கடைக்கும் முன்பே, ஒப்புக்கொள்வதற்காகவே தமிழில் ஒரு புத்தகம் வந்திருக்கிறது. அதை எழுதியவர் வாழ்ந்தது எங்கள் பக்கத்தில்தான். ஏரலைத் தாண்டி, ஆத்தூர் வழியாகப் போகும் தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். போர்ச்சுக்கல்லில் இருந்து முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார், மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல் பேசும் அளவுக்கு இங்கே தமிழ் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது என்பது பலருக்குத் தெரியும். 1580-ல் கொச்சியில் அவருடைய இன்னொரு நூல் அச்சானது. அச்சு வரலாற்றில் அதன் பெயர் ‘கொம்பெசியனாயரு’. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது எப்படி என்று வழிகாட்டும் நூல். தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு வந்த அந்த நூலின் ஒரு பிரதி, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பது பிறகு தெரியவந்தது.

போர்ச்சுக்கீசியச் சொல்லாக வந்தது, அப்புறம் ‘பாவசங்கீர்த்தனம்’ ஆனது. எங்கள் கடற்கரை ஊர்களில் வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய சொல் ‘ஒப்புரவு’. திருக்குறளின் 22-ம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’; அங்கே அதற்கு ஊரோடு ஒத்து வாழ்ந்து உதவுவது என்று பொருள். பிரிந்தவர் மறுபடி ஒத்துப்போவதற்கு இதைவிடப் பொருத்தமான பழைய சொல் கிடைக்காது.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பழைய சொல் உண்டு: ‘ஷ்ரைவ்’. பாவத்தைக் கேட்டு, பரிகாரம் விதித்து, மன்னிப்பு அளிப்பது. ‘எழுது’ என்ற லத்தீன் சொல்தான் அதற்கு மூலம். ‘அக்னாலெட்ஜ்’ என்பதற்குள் ‘அறிவு’ இருக்கிறது. நம் ‘அறிக்கை’க்குள்ளும் ‘அறி’ இருக்கிறது. சி.எஸ்.ஐ. கோயிலில் ‘பாவ அறிக்கை’, சட்டசபையில் அமைச்சரின் ‘அறிக்கை’... சொல் ஒன்று, இடம் வேறு.

இந்த இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது. மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும். பற்று நோட்டில் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. உண்மையைச் சொல்ல வருபவருக்கு எல்லா இடத்திலும் ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆச்சி கேட்டதும் அதைத்தான்.

அதனால், ‘ஒப்புக்கொண்டார்’ என்ற தலைப்பு அடுத்த முறை உங்கள் போனில் வந்தால், யாரிடம், எந்த நிலையில் ஒப்புக்கொண்டார் என்று பாருங்கள். ‘போலீஸ் தரப்பில் சொல்கிறார்கள்’ என்று மட்டும் இருந்தால், வழக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால், கையில் இருக்கும் கம்பைக் கொஞ்சம் கீழே போடலாம்.