காரின் முகமும் பாதையின் கல்லும்

தோட்டத்துப் பாதையில் ஒரு மாதம் ஓடிய காரை அதன் முகத்தைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். பொனட்டின் முன்விளிம்பிலும், விளக்குகளைச் சுற்றியும், சக்கர வளைவின் ஓரங்களிலும் கடுகளவில், உளுந்தளவில் வெண்புள்ளிகள் விழுந்திருக்கும். அம்மை வந்துபோன முகம் போன்ற தோற்றம். கல் கொத்திய வடுக்கள் அவை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துக்குள் நாள்தோறும் திரும்பும் வண்டி எதுவும் இவ்வடுக்களிலிருந்து தப்புவதில்லை.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். ஹட்டனிலிருந்து தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போய்வருவதற்காகப் பழைய கார் ஒன்றைக் கூட்டாக வாங்கி வைத்திருக்கிறோம். நால்வரின் கடனும் அதில் ஏறி அமர்ந்திருக்கிறது. ஆகவே காரின் வர்ணத்தைப் பற்றி நாங்கள் பேச முற்பட்டால், வாத்தியார்களுக்கு வந்த சொகுசைப் பாரீர் என்று எவரும் நகைத்துவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 2022இன் நெருக்கடி வேறு. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார் என்பது நகைக்கு அடுத்த சேமிப்பாகிவிட்டது. பொனட்டில் துரு ஏறினால் சேமிப்பிலும் துரு ஏறும். கவலை அவ்வளவுதான்.

காரின் வர்ணம் எத்துணை மெல்லியது என்பதை அறிந்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற மினுக்குப் பூச்சு. இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய கனமே. இரண்டு தலைமயிரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவ்வளவு இருக்கும். முன்னே செல்லும் லொறியின் சக்கரம் ஒரு சிறுகல்லைக் கிளப்புகிறது. கல் ஒருகணம் காற்றில் நிற்கிறது. நாம் போய் அதன்மேல் மோதுகிறோம். எதிரே வரும் வண்டி எறிந்த கல்லானால் இரு வேகங்களும் கூடிக்கொள்ளும். வேகம் இருமடங்கானால் அடியின் வலிமை நான்கு மடங்காகும் என்பது நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற பாடம். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறவன் 30க்கு இறங்கினால் கல்லின் வலிமையில் முக்காற்பங்கைச் செலவின்றிக் கழித்துவிடுகிறான். இதைவிட மலிவான வர்ணப் பாதுகாப்பு உலகில் கிடையாது. முன்னே போகும் லொறிக்கு வழிவிட்டுச் சற்றுப் பின்தங்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வடு விழுந்த பின்பு செய்யவேண்டியதும் உண்டு. இக்காலத்துக் கார்களில் பம்பர் பிளாஸ்டிக்கினால் ஆனது. அது துருப்பிடிக்காது, அழகு மட்டுமே கெடும். பொனட்டும் சக்கர வளைவும் அப்படியல்ல. இரும்பு வெளியே தெரிந்துவிட்டால் நுவரெலியாவின் பனிமூட்டம் ஓரிரு வாரத்தில் அதைச் செம்மண் நிறமாக்கிவிடும். பிறகு துரு வர்ணத்தின் அடியிலேயே ஊர்ந்து போகும். கடுகு உளுந்தாகும், உளுந்து காசாகும். ஆகவே புள்ளியைக் கழுவி, உலர்த்தி, துருவைச் சுரண்டி, அடிப்பூச்சு ஒரு துளி, நிறம் ஒரு துளி என்று மெல்லிய தூரிகையால் அன்றன்றே அடைத்துவிட வேண்டும். எங்களில் ஒருவர் தம் மனைவியாரின் நகப்பூச்சை இதற்குப் பயன்படுத்தி வீட்டில் பட்ட பாடு தனிக்கதை.

இவையெல்லாம் ஏழையின் வைத்தியம். சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்கு வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கென்று கொழும்பிலிருந்து ஏறிவரும் கார்களைப் பாருங்கள். அவற்றுட் பலவற்றின் முகத்தில் வடுவே இருப்பதில்லை. காரணம் கேட்டறிந்தோம். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பொனட்டிலும் பம்பரிலும் ஒட்டியிருக்கிறார்கள். பொலியுறத்தேன் என்னும் பொருளால் ஆன அத்தாள் வர்ணத்தைவிடத் தடிமனானது. றப்பர் போல் அமுங்கிக் கல்லின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். மேலே கீறல் விழுந்தால் வெயிற் சூட்டில் தானே ஆறிவிடும். நுவரெலியாக் குளிரில் அந்த வெயிலை எங்கே தேடுவது என்று கேட்டோம். சுடுநீர் ஊற்றினாலும் போதுமாம். மெழுகும், இப்போது பெரிதாகப் பேசப்படும் செராமிக் பூச்சும் அழுக்கு ஒட்டாமற் காக்குமேயன்றிக் கல்லைத் தடுக்கும் கனம் அவற்றுக்கு இல்லை என்பதையும் அங்கேயே தெரிந்துகொண்டோம்.

இந்தத் தாளின் பிறப்பைக் கேட்டால் வாசகர் திடுக்கிடலாம். வியத்நாம் போரில் அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் தூசியும் அரித்தன. அதைத் தடுக்கவே இதன் முன்னோடியான தாள் உருவாக்கப்பட்டது. வயல்களின் மேல் நெருப்பைச் சொரிந்த பொறிக்குச் செய்த கவசம், பின்னர் பந்தயக் கார்களுக்கு வந்து, இன்று விடுமுறைக்கு வருகிறவரின் பொனட்டில் பளபளக்கிறது. பொருளுக்குப் பாவமில்லை என்று சொல்லிவிடலாம். இருப்பினும் அதன் விலையைக் கேட்டபோது, எங்களில் ஒருவரின் முழு மாதச் சம்பளமும் முன்பகுதிக்கு மட்டுமே போதாது என்று தெரிந்தது.

கடன்மேற் கடன் வாங்கியாவது ஒட்டிவிடலாமா என்று கராஜில் நின்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தோம். காருக்கு அடியில் படுத்திருந்த பாஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினார். தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் ஸ்பானர் பிடித்தவர் அவர்.

“சேர், தாள் ஒட்டுனா ஒங்க கார் மட்டுந்தான் தப்பிக்கும். முன்னாடி போற லொறிச் சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு றப்பர்த் தட்டி தொங்கவிட்டா, பின்னாடி வர்ற அத்தனை பேரும் தப்பிச்சிக்குவாங்க.”

இதை நாங்கள் பல நாள் பேசிக்கொண்டிருந்தோம். சக்கரத்தின் பின்னே தொங்கும் றப்பர்த் தட்டியால் அதைக் கட்டியவனுக்குப் பெரிய இலாபமில்லை. தன் வண்டியின் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் காப்பு உண்டு. எஞ்சியதெல்லாம் பின்னால் வருகிறவனுக்கு. எங்கள் பொனட்டின் நலம் முன்னே போகிறவர் கையில்; எங்கள் பின்னே வருகிறவரின் நலம் எங்கள் கையில். பின்னே வருகிறவர் எல்லாரும் காரில் வருவதில்லை என்பதைத்தான் நாங்கள் மேலும் சிந்திக்க வேண்டியிருந்தது.

காலை ஏழரைக்கு எங்கள் பாடசாலைப் பாதையில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடக்கிறார்கள். பெரட்டு முடிந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய தாய்மாரும் அதே பாதையில் மலைக்கு ஏறுகிறார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், ஒதுங்க இடமில்லை. லொறி கடந்து போகையில் கல் தெறித்து முழங்காலிலும் கணுக்காலிலும் விழுகிறது. முகப்பிலே புள்ளி விழுந்தால் நாங்கள் குனிந்து தடவிப் பார்க்கிறோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கெண்டைக்காலில் இரத்தம் உறைந்த வடுவோடு வந்து, “கல்லு பட்டிருச்சி சேர்” என்று சொல்லிவிட்டு, எதுவும் நடவாததுபோல் அமர்ந்து புத்தகத்தைத் திறந்தாள். வர்ணத்துக்கு இரண்டு தலைமயிரின் கனமாவது உண்டு.

கல் பாதையில் கிடப்பானேன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சல்லிக்கல்லை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது தார். மழைநீர் வடிய இருபுறமும் கான் இருந்தால் தார் நிலைக்கும். கான் அடைபட்டால் நீர் பாதைமேல் ஓடும், தார் விடும், கல் கழன்று சக்கரத்துக்காகக் காத்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைப் பிளந்து போட்ட பிறகு இந்நிலை இன்னும் மோசமாயிற்று. புயலின்மீது மட்டும் பழியைப் போட்டுவிடவும் முடியாது. எங்கள் பாதை அதற்கு முன்பே கல்லாய்த்தான் கிடந்தது.

இம்மலைகளில் வீதி வெட்டிய கைகளிலும், 1885இல் நானுஓயா வரை இருப்புப்பாதையைக் கொண்டுவந்த கைகளிலும் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளரின் கைகள் உண்டு. அவர்தம் பேரப்பிள்ளைகள் வாழும் தோட்டத்துப் பாதையோ நெடுங்காலம் எவருடையதாகவும் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடமளிக்கவில்லை. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம். சபையோ அவன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல்லைக் கொட்டமுடியாது! 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போன பின்பு, தொழிற்சாலைக்குக் கொழுந்து போகும் பாதை ஓரளவு பார்க்கப்பட்டது. பாடசாலைக்குப் பிள்ளை போகும் பாதை பார்ப்பாரற்றுக் கிடந்தது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்குள்ளும் சபைகள் பணிசெய்ய வழி திறந்தது. முப்பத்தோராண்டு!

சட்டம் திறந்த வழியில் தார் தானாக நடந்து வராது. ஆகவே தாளுக்கென்று ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறுபகுதியை எடுத்து, எங்கள் காரின் நான்கு சக்கரத்துக்கும் றப்பர்த் தட்டி கட்டினோம். பொனட்டுக்குத் தூரிகையே போதும் என்று முடிவாயிற்று. பிறகு பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினோம். பாதையை மாணவர்களே அளந்து, கான் அடைபட்ட இடங்களைக் குறித்து, படம் வரைந்தார்கள். பெற்றோரின் கையொப்பங்களோடு மனுவைப் பிரதேச சபையிலும் தோட்டக் காரியாலயத்திலும் கொடுத்தோம். இது கம்பெனியின் பாதை என்றது ஓரிடம். சபைக்குத்தான் இப்போது அதிகாரம் வந்துவிட்டதே என்றது மற்றோரிடம். திருத்தச் சட்டத்தின் பிரதியை இணைத்து இரண்டாம் மனுவைக் கொடுத்திருக்கிறோம். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தும்படி அதில் கேட்டிருக்கிறோம்.

இதற்கிடையில் பாஸ் பழைய டயர்களை அறுத்துத் தட்டிகள் செய்து வைத்துக்கொண்டு, கொழுந்து லொறிக்காரர்களைக் கராஜ் வாசலில் மறித்துப் பேசிவருகிறார். காசு வாங்குவதில்லை. அந்தப் பாதையில் ஓடும் மூன்று லொறிகளில் இரண்டுக்குக் கட்டியாயிற்று. மூன்றாவது லொறியின் சாரதி, முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.