அலமாரியில் இருந்த துணிப்பொம்மை

சென்ற ஆண்டு ரமளானுக்கு முன் மதரஸாவுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால், பல வருடங்களாக அசைக்கப்படாத இரும்பு அலமாரியை ஒழித்தோம். கிழிந்த காயிதாக்களுக்கும் அட்டை பிய்ந்த அம்ம ஜுஸ்உகளுக்கும் அடியில் ஒரு பை அகப்பட்டது. அதனுள் மூன்று பம்பரங்கள், ஒரு கை நிறையக் கோலிக்குண்டுகள், காற்றுப் போன ரப்பர் பந்து, சக்கரம் கழன்ற ஒரு சிறு கார், உள்ளங்கை அளவே இருந்த ஒரு துணிப்பொம்மை. எல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து நாங்கள் வாங்கி வைத்தவை. வகுப்பு முடிந்ததும் தருகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினோம். தரவில்லை.

மற்றவை யாருடையவை என்பது நினைவில்லை. பொம்மைக்கு உரியவள் நினைவிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய நன்னி பழைய துப்பட்டித் துணியில் பஞ்சு அடைத்து, கறுப்பு நூலால் கண் வைத்துத் தைத்துக் கொடுத்த பொம்மை அது. அலிஃப், பே ஓதும்போது அதை மடியில் வைத்திருப்பாள். உருவம் உள்ள இடத்துக்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று சொல்லி அதை வாங்கினோம். அவள் அழவில்லை. மறுநாளும் அதற்கடுத்த இரண்டு நாள்களும் ஓத வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய உம்மா வந்து, "ஓதப் போகச் சொன்னாலே வயிறு வலிக்குதுங்குறா ஹஜ்ரத், என்னன்னு தெரியலை" என்றார். பிள்ளைக்கு அதிகச் செல்லம் கொடுக்காதீர்கள் என்று அவருக்கு அறிவுரை கூறி அனுப்பினோம். பொம்மையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இதில் எங்களை வெட்கப்படச் செய்வது எங்கள் அறியாமை அன்று. அறிந்திருந்தும் அப்படி நடந்துகொண்டதுதான். இஸ்லாமியக் கல்விப் பட்டயப் படிப்பில் ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளைப் பற்றிய ஹதீஸ் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. அவர்கள் தம் தோழியருடன் பொம்மை வைத்து விளையாடுவார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வந்தால் அத்தோழியர் ஒளிந்துகொள்வார்கள். நபியவர்களே அவர்களைத் திரும்ப விளையாட அனுப்பிவைப்பார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. பொம்மைகளுக்கு இடையே இறக்கை வைத்த குதிரை ஒன்றைப் பார்த்து நபியவர்கள் கேட்டதும், சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று ஆயிஷா (ரலி) மறுமொழி சொன்னதும், நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளன. இதைக் கொண்டே பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் சிறுமியர் விளையாடும் பொம்மைக்கு உருவத் தடையிலிருந்து விலக்கு உண்டு என்றனர். மாறுபட்டோரும் உள்ளனர். இவ்வளவையும் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம், ஐந்து வயதுச் சிறுமி எதிரே நின்றபோது கையை நீட்டிப் பொம்மையைப் பறித்தோம்.

பொம்மை மட்டுமன்று. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்து விளையாடிய சிறு குருவி இறந்தபோது, அந்தக் குழந்தையிடம் குருவிக்கு என்ன ஆயிற்று என்று நபியவர்கள் விசாரித்தார்கள். அனஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது ஓர் அலுவலுக்கு அனுப்பப்பட்டு, வழியில் கடைவீதியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் நின்றுவிட்டார். நபியவர்கள் பின்புறமாக வந்து அவருடைய பிடரியைப் பிடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது நபியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மதரஸாவில் அலுவலை மறந்து விளையாடப் போன பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது எந்த முகத்தைக் காண்கிறது என்று எண்ணிப் பார்த்தோம்.

ஆஷூரா நோன்பு வைத்த குழந்தைகள் பசியால் அழுதால் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை அவர்களைத் தேற்றியதாக ருபய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இபாதத்துக்கு நடுவிலேயே குழந்தைக்கு விளையாட்டு கிடைத்திருக்கிறது. முதலில் நோன்பை முடி, பிறகு தருகிறேன் என்று எவரும் சொல்லவில்லை. நாமோ, பாடம் ஒப்புவித்தால் விளையாடலாம் என்கிறோம். ஒப்புவிக்க இயலாத பிள்ளைக்குத்தான் விளையாட்டு அதிகம் தேவை என்பது அந்த நிபந்தனையில் மறைந்துபோகிறது.

எங்கள் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரைக்கு வேன். எல்.கே.ஜி.யில் பிற்பகல்வரை எழுத்து வேலை. வீடு வந்து சீருடை மாற்றியதும் டியூஷன். அஸருக்குப் பின் மதரஸா. மஃரிப் முடிந்தால் வீட்டுப்பாடம், பிறகு உறக்கம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த நாளில் தனக்கென்று அரை மணி நேரம் எங்கே இருக்கிறது? கிடைக்கும் இடைவெளியையும் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. அதைத் தருவதும் நாம்தான். அதற்காகப் பிள்ளையைத் திட்டுவதும் நாம்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கூறும் பகுதியில், ஓதி முடித்து வரும் சிறுவனைக் களைப்பு நீங்க நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பில் அழுத்தினால் அவனது உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும், தப்பிக்கத் தந்திரம் தேடத் தொடங்குவான் என்றும் எச்சரிக்கிறார்கள். அந்த வயிற்றுவலி எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

உலகச் சட்டமும் இதையே உரிமை என்று பெயரிட்டுச் சொல்கிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. 2013-இல் அந்தப் பிரிவுக்கு அளிக்கப்பட்ட விளக்கத்தில், விளையாட்டு என்பது குழந்தை தானே தொடங்கித் தானே நடத்துவது என்று கூறப்பட்டுள்ளது. நாங்கள் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

ரமளான் கழிந்து வகுப்பு தொடங்கியபோது, நடுவில் இருபது நிமிடம் விளையாட்டுக்கு என்று ஒதுக்கினோம். ஆனால் சும்மா விட மனம் வரவில்லை. முற்றத்து மணலில் அரபு எழுத்துகளை எழுதி, ஜீமுக்கு ஓடு, தாலுக்கு ஓடு என்று ஓடவிட்டோம். இரண்டு நாள் ஓடினார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன், "இது முடிஞ்சதும் விளையாட விடுவீங்களா உஸ்தாது?" என்று கேட்டான். அதன் பிறகு நாங்கள் வேப்பமரத்தடியில் அமர்ந்துகொள்கிறோம். கல் எறிந்தாலோ கடித்தாலோ மட்டும் எழுந்திருக்கிறோம். மற்றபடி அவர்கள் மணலில் சோறு பொங்குகிறார்கள், கடை வைக்கிறார்கள், யார் ஹஜ்ரத் என்று சண்டையிடுகிறார்கள். ஹஜ்ரத் ஆகிறவன் உடனே ஒரு குச்சியைத் தேடுவதைப் பார்க்கும்போது எங்களுக்குத் தலை குனிகிறது.

பெற்றோரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஓதக் கிடைப்பதே ஒன்றரை மணி நேரம், அதிலும் இருபது நிமிடம் போனால் குர்ஆனை எப்போது முடிப்பது என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கவலை. நாங்கள் அவரை ஒரு நாள் பின்வரிசையில் உட்காரச் சொன்னோம். விளையாடாத நாள்களில் கடைசி அரை மணி நேரம் கொட்டாவியிலும் தண்ணீர் குடிக்கப் போவதிலும் கழிந்துகொண்டிருந்தது. இப்போது அந்த அரை மணியில் ஓதுகிறார்கள். எல்லாப் பிள்ளையும் விரைவாக முன்னேறிவிட்டது என்று சொல்லமாட்டோம். சிலர் முன்போலவே மெதுவாகத்தான் ஓதுகிறார்கள். அந்தத் தகப்பனாரும் முழுமையாக உடன்படவில்லை. மகனை நிறுத்தவும் இல்லை.

துணிப்பொம்மையை உரியவளிடம் சேர்க்க வேண்டுமல்லவா? துவைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். இப்போது அவளுக்கு எட்டு வயது. பெரிய வகுப்பில் ஓதுகிறாள். நன்னி வஃபாத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பொம்மையைத் தந்து, அன்று வாங்கியது எங்கள் தவறு என்றோம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பெரிய பிள்ளையாயிட்டேனே ஹஜ்ரத்" என்றாள். தவறிய தொழுகைக்குக் களா உண்டு. ஐந்து வயதில் தவறிய விளையாட்டை எட்டு வயதில் களாச் செய்ய வழியில்லை. ஆயினும் அவள் பொம்மையைத் திருப்பித் தரவில்லை. நன்னியின் தையல் என்று சொல்லி உம்மாவிடம் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொன்னாள்.

இப்போது ஒரு செய்தி. பிள்ளைகள் விளையாடும் அந்த முற்றத்தில் மூன்று கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஜமாஅத்தில் பேச்சு எழுந்துள்ளது. மதரஸாவின் செலவுக்கு வருமானம் தேவை என்பதை மறுக்க முடியாது. எங்கள் சம்பளமும் அதில் அடக்கம். கடைகளைத் தெருப்பக்கச் சுவரை ஒட்டி இரண்டாகக் குறைத்தால் வேப்பமரத்தைச் சுற்றிய மணல் தப்பும் என்று அளந்து, வரைபடத்துடன் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதப் பொதுக்குழுவில் அது எடுத்துக்கொள்ளப்படும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை. அவர்களுடைய வாப்பாமார்களுக்கு இருக்கிறது.