காற்று ஓய்ந்த பிறகு

கொல்கத்தாவில் ஒவ்வொரு கோடையிலும் மரங்கள் விழுகின்றன, சாலைகள் அடைபடுகின்றன. 2020-இல் விழுந்த மரங்கள் ஒரு ட்ராம் தடத்தையே கொண்டுபோய்விட்டன.

சித்திரை மாத மாலைகளில் கொல்கத்தாவாசிகளின் பார்வை வடமேற்குப் பக்கமே போகும். பகலெல்லாம் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருக்கும். ஐந்து மணி வாக்கில் ஹௌராவுக்கு அப்பால் அடிவானம் கருநீலமாகிறது. முதலில் புழுதி கிளம்பும். பிறகு கடைகளின் தார்ப்பாய் படபடக்கும். அடுத்த சில நிமிடங்களில் காற்றும் இடியும் மழையும் ஒன்றாக வந்து இறங்கும்.

இதற்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் 'கால்பைசாகி'. நம் சித்திரையோடு பிறக்கும் பைசாக் மாதத்தின் கேடு என்று பொருள். சோட்டா நாக்பூர் பீடபூமிப் பக்கம் கொதித்துக் கிளம்பும் வெப்பமும், வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் சேர்ந்து இடிமேகத்தை எழுப்ப, அது தென்கிழக்காக நகர்ந்து நகரத்தின் தலைமேல் வந்து கொட்டுகிறது. மொத்தக் கூத்தும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெப்பம் சட்டென்று இறங்கும். மொட்டை மாடிகளில் குழந்தைகள் நனைவார்கள். தோப்புகளில் உதிர்ந்த மாங்காய்களைப் பொறுக்க ஓடுவது பல தலைமுறைகளின் பால்ய நினைவு.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு மணி நேரம் பல நாட்களில் அலுவலகங்கள் விடும் நேரமாக அமைந்துவிடுகிறது. டல்ஹௌசி சதுக்கத்திலிருந்து பெஹாலாவுக்குப் பேருந்து ஏறியவர், வழியில் எங்கோ ஒரு குல்மோஹர் குறுக்கே விழுந்ததை அறியமாட்டார். பேருந்து நிற்கும். நடத்துனர் இறங்கிப் பார்த்துவிட்டு வருவார். ஓட்டுனர் எஞ்சினை அணைத்ததும் பயணிகளுக்குச் செய்தி புரிந்துவிடும். குறிப்பிட்ட தடத்தில் மட்டும் பங்கு வண்டியாக ஓடும் ஆட்டோக்கள் பாதித் தூரத்தோடு திரும்பிவிடும், அல்லது கட்டணத்தை இரட்டிப்பாக்கும். புறநகர் ரயிலின் மின்கம்பியில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் போதும், சியால்டாவிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த நிலையம் வரை நடப்பார்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு மின்சாரமும் இருக்காது.

இந்தச் சங்கடங்களை நகரம் பெரும்பாலும் சிரித்தே கடந்துவிடும். சில நாட்கள் சிரிக்க விடுவதில்லை. 2018 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்கு முன்பாக, கால் மணி நேர இடைவெளிக்குள் இரண்டு கால்பைசாகிகள் அடுத்தடுத்துத் தாக்கின. இரண்டாவதன் வேகம் மணிக்கு 98 கிலோமீட்டர். மரங்கள் சாய்ந்தன, சுவர்கள் இடிந்தன. ரயில், மெட்ரோ, விமானம் எல்லாம் தடுமாறின. கொல்கத்தாவிலும் சுற்று மாவட்டங்களிலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் சிலர் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

ஊரடங்கில் வந்த புயல்

அந்த மாலையைச் சிறியதாக்கிய நாள் 2020 மே 20. 1999-இன் ஒடிஷா புயலுக்குப் பிறகு வங்காள விரிகுடாவில் உருவான முதல் சூப்பர் புயல் ஆம்பன். சற்றே வலுவிழந்து சுந்தரவனப் பகுதியில் கரை கடந்தபோதும், கொல்கத்தாவில் காற்று மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நகரத்தில் 200 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை. கால்பைசாகி மாதிரி வந்து போகிற காற்றாக அது இல்லை. மாலையில் பிடித்துக்கொண்டது, நள்ளிரவு நெருங்கும்வரை விடவில்லை.

விடிந்தபோது தெருக்கள் அடையாளம் தெரியவில்லை. மாநகராட்சியின் முதல் கணக்குப்படி விழுந்த மரங்கள் 5,000-க்கும் மேல். பின்னர் வந்த மதிப்பீடுகள் 15,000 வரை போயின. 1920-களில் வெட்டப்பட்ட ரவீந்திர சரோவர் ஏரியின் கரையில், காலை நடைக்காரர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்த மரங்கள் வேரோடு தண்ணீருக்குள் கிடந்தன. காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் வெள்ளத்தில் மிதந்தன. விமான நிலையத்தின் கொட்டகைகளுக்குள் தண்ணீர் நின்றது. நாடெங்கும் உள்நாட்டு விமானங்கள் மே 25-இல் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது கொல்கத்தாவுக்கு 28-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேற்கு வங்கத்தில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரம் விழுந்ததும் அறுந்த மின்கம்பியை மிதித்ததும் முக்கியக் காரணங்கள். எண்ணிக்கை இன்னும் ஏறாமல் போனதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. அப்போது கொரோனா ஊரடங்கு. பேருந்துகளும் ட்ராம்களும் ஓடவில்லை, அலுவலகங்கள் மூடியிருந்தன. வழக்கமான ஒரு புதன்கிழமை மாலையில் இத்தனை மரங்கள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே பலர் விரும்புவதில்லை.

விழுந்த மரங்களை அகற்றுவது தனிப் போராட்டமாயிற்று. ஒரு பெரிய மரம் தனியாக விழுவதில்லை. மின்கம்பம், தொலைபேசிக் கம்பி, கேபிள் டிவி, இணைய வயர் எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு விழுகிறது. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று உறுதி தெரியாமல் மரம் வெட்டுபவர் கை வைக்கமாட்டார். மரத்தை அகற்றாமல் மின் ஊழியர் கம்பத்தை நிமிர்த்த முடியாது. இவருக்காக அவரும் அவருக்காக இவரும் காத்திருக்க, பல பேட்டைகளில் நாள்கணக்கில் இருட்டு. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மாடி வீடுகளில் தண்ணீர் இல்லை. பொறுமையிழந்தவர்கள் தெருவில் இறங்கி மறியல் செய்தார்கள். மறியலுக்கு வேலியாக அமைந்ததும் சில இடங்களில் அதே விழுந்த மரம்தான். மே 23 அன்று மாநில அரசு ராணுவத்தை அழைத்தது. டாலிகஞ்சிலும் பாலிகஞ்சிலும் பெஹாலாவிலும் சிப்பாய்கள் ரம்பங்களோடு இறங்கினார்கள். புயலில் நீண்ட அனுபவமுள்ள ஒடிஷாவிலிருந்தும் மீட்புக் குழுக்கள் வந்தன.

வேருக்கு இடமில்லை

இத்தனை மரங்கள் ஏன் விழுந்தன? காற்றை மட்டும் குறை சொல்வது எளிது. கொல்கத்தா நிற்பது கங்கையின் வண்டல் மீது. மண் மென்மையானது, நிலத்தடி நீர் மிக அருகில். ஆழப் போக அவசியமில்லாத வேர்கள் பக்கவாட்டில் பரவுகின்றன. அப்படிப் பரவ நினைக்கும் வேருக்கு நகரம் தருவது நாலடிச் சதுரம். மீதி நடைபாதைக் கற்களும் சிமெண்டும். மழைநீர் கீழே இறங்க வழியில்லை. குடிநீர்க் குழாய்க்காக ஒருமுறை, கேபிளுக்காக மறுமுறை என்று தோண்டும்போதெல்லாம் வேரின் ஒரு பக்கம் வெட்டப்படுகிறது. வெளியே தெரிவது பசுமையான குடை. உள்ளே ஒற்றைக் காலில் நிற்கிறது மரம்.

மேலே கிளைகளுக்கும் இதே கதி. மின்கம்பியைத் தொடும் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போவதால், மரம் மறுபக்கமாகக் கனத்துச் சாய்கிறது. கோடையில் நகரத்தைச் சிவப்பாக்கும் குல்மோஹரை வங்காளிகள் கிருஷ்ணசூடா என்று கொஞ்சுவார்கள். மஞ்சள் பூக்கும் பெருங்கொன்றை ராதாசூடா. கிருஷ்ணனுக்கும் ராதைக்கும் பெயர் வைத்தாலும் குல்மோஹரின் பூர்வீகம் மடகாஸ்கர். சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும், பூவால் கண்ணை நிறைக்கும். ஆனால் மேலோட்டமான வேர், எளிதில் முறியும் கிளை.

சென்னைவாசிகளுக்கு இது தெரிந்த கதை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும், அழகுக்காகவும் அவசரத்துக்காகவும் நட்ட அயல் மரங்கள் அதிகம் விழுந்ததாகவே பேச்சு எழுந்தது. வேம்பும் புங்கமும் பூவரசும் நடுங்கள் என்ற அறிவுரை அப்போது எல்லோர் வாயிலும் வந்தது. உள்ளூர் மரமாக இருந்தாலும் வேரை சிமெண்டால் மூடினால் அதுவும் விழும் என்பது அந்த அறிவுரையின் சொல்லப்படாத பாதி.

திரும்பாத தடம்

ஆம்பனால் நின்றுபோன பயணங்களில் பெரும்பாலானவை சில நாட்களில், சில வாரங்களில் திரும்பின. ஒன்று திரும்பவில்லை. எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மைதானத்தின் ஓரமாகப் போன 36-ஆம் எண் ட்ராம், நகரத்தின் மிக அழகான தடம் என்று பேர் வாங்கியது. இருபுறமும் மரங்கள், நடுவே புல்வெளியில் பதித்த தண்டவாளம், அவசரமே இல்லாத இரண்டு பெட்டிகள். வேலைக்குப் போகிறவர்களோடு, வேலையே இல்லாமல் ஏறுகிறவர்களும் இருந்தார்கள். அந்த மரங்களே புயலன்று மேல்கம்பிகளை அறுத்தன. தடம் மூடப்பட்டது, பிறகு திறக்கவே இல்லை.

1873-இல் குதிரை இழுத்து, 1902-இலிருந்து மின்சாரத்தில் ஓடிய கொல்கத்தா ட்ராமுக்கு ஒரு பலவீனம் உண்டு. பேருந்து சந்து பொந்துகளில் புகுந்து போய்விடும். ட்ராமுக்கு முன்னால் ஒரு கிளை விழுந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா ட்ராம்களும் வரிசையாக நிற்க வேண்டியதுதான். கம்பியைச் சரிசெய்ய மனமிருந்தால் அது ஒரு வாரத் தொல்லை. மனமில்லாவிட்டால் அதுவே மூடுவிழா. ட்ராம் சாலையை அடைக்கிறது என்று ஏற்கனவே அலுத்துக்கொண்டிருந்த நிர்வாகத்துக்குப் புயல் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது என்பது ட்ராம் அன்பர்களின் மனக்குறை.

மரத்தடியில் பிறந்த நகரம்

இத்தனைக்கும் இது மரத்தடியில் பிறந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் இன்றைய சியால்டா பக்கம் ஓர் ஆலமரத்தடியில் ஹூக்கா பிடித்தபடி வியாபாரிகளைச் சந்தித்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அந்த இடத்தின் பெயர் இன்றும் பைட்டக்கானா. நகர வரைபடத்தில் 'தலா' என்று முடியும் பேட்டைகளை எண்ணத் தொடங்கினால் கை விரல்கள் போதாது. தலா என்றால் அடி. நிம்தலா வேப்பமரத்தடி, தால்தலா பனையடி, பேல்தலா வில்வத்தடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவுப் பதிப்புகளுக்குப் பேர்போன பட்தலா ஆலமரத்தடி. நம் புளியந்தோப்பு, பனையூர் போல, மரம் போய்ப் பெயர் மட்டும் நிற்கும் இடங்கள் பல.

ஆம்பனுக்குப் பின் நகரம் மரம் நடத் தொடங்கியது. ஏரிக்கரையில் விழுந்த சில மரங்களைக் கிரேன் வைத்து நிமிர்த்தினார்கள். சுந்தரவனத்தில் ஐந்து கோடி அலையாத்திக் கன்றுகள் நடப்படும் என்று முதல்வர் மம்தா பானர்ஜி அறிவித்தார். கன்றுகளை எண்ணுவது சுலபம். அவற்றைச் சுற்றிச் சிமெண்டை உடைத்து மண் விடுவது யாருக்கும் புகைப்படம் தராத வேலை. 2024 மே 26 இரவு ரெமல் புயல் வந்தபோது விமான நிலையத்தை 21 மணி நேரம் மூடி வைத்தார்கள். நகரத்தில் மறுபடியும் மரங்கள் சாய்ந்தன, மறுபடியும் ரம்பச் சத்தம்.

ஆற்றுக்கு அக்கரையில், ஹௌராவின் சிப்பூரில் 1787-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தில் ஒரு பெரிய ஆலமரம் இருக்கிறது. 250 வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். 1864-லும் 1867-லும் வந்த புயல்களில் கிளைகள் முறிந்தன. காயத்தில் பூஞ்சை பிடித்ததால் 1925-இல் நடு மரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். தாய் மரம் போனபின்னும் ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் ஏக்கர் கணக்கில் பரந்து நிற்கிறது. ஆம்பனில் அதன் ஒரு பகுதி சரிந்தது. மற்ற பகுதி நின்றது.

நகரத்துத் தெருக்களிலும் ஆலமரங்கள் உண்டு. அவற்றின் விழுதுகள் தரையைத் தொடுமுன்பே, நடைபாதைக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறார்கள்.