சைக்கிள் சீட்: எர்ணாவூர்க் குறிப்புகள்

வடசென்னை எர்ணாவூரில் கியர் சைக்கிள் வைத்திருப்பவரிடம் சீட் எப்படி என்று கேட்டால், முதலில் சாலையைப் பற்றித்தான் பேசுகிறார். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசை இன்று எதுவரை நின்றது, எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, எந்த ஓரத்தில் மணல் சேர்ந்து டயரை இழுக்கிறது. சீட்டைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். அந்த முறை சரி என்றே எனக்குப் படுகிறது.

*

இந்தப் பக்கம் எம்டிபி என்கிற மவுண்டன் பைக் வாங்குகிறவர்கள் யாரும் மலை ஏறுவதற்காக வாங்குவதில்லை. கடலை ஒட்டிய தட்டை நிலம். மேடு என்றால் ரயில்வே மேம்பாலம். தடித்த டயர் இருந்தால் குழியில் இறங்கி ஏறலாம், அதற்குத்தான். கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டியாக இருப்பவர்கள், வெல்டர்கள், வடக்கிலிருந்து வந்து ஷெட்டுகளில் தங்கி வேலை பார்க்கும் பையன்கள், விம்கோ நகரில் மெட்ரோ பிடிக்கப் போகிறவர்கள். கியர் வேலை செய்யாத சைக்கிள்கூட இங்கே கியர் சைக்கிள்தான்.

*

இந்த வகைச் சைக்கிள் உருவான கதையைத் தெரிந்துகொண்டால் சீட்டின் பாதிக் குறை புரிந்துவிடும். கலிபோர்னியாவில் மரின் கவுண்டி. 1970களில் அங்கே டமால்பைஸ் மலைப் பக்கம் பழைய தடி டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண் சரிவில் விட்டு இறங்கினார்கள். 1976இல் 'ரீபேக்' என்று அதற்கு ஒரு பந்தயமே தொடங்கியது. சரிவில் இறங்குகிறவர் உட்காருவதில்லை. பெடல் மேல் நின்று, முழங்காலை மடக்கி, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறார். அவருக்குச் சீட் குறுக்கே வராமல் இருந்தாலே போதும். 1980களில் ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் சேர்ந்து, ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கி ஏற்ற 'ஹைட்-ரைட்' என்று ஒரு ஸ்பிரிங் கொண்டுவந்தார்கள். இன்று விலை உயர்ந்த சைக்கிள்களில் பட்டனை அழுத்தினால் இறங்குகிற சீட் பைப்புக்கு அதுதான் முன்னோடி.

நிற்கிறவருக்காக அமைந்த சீட் அது. குறுகல், ஓரம் உருண்டை, அதிகம் பஞ்சு கிடையாது. அதன் மலிவு நகல்தான் இங்கே வருகிறது. அதன் மேல் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்த ஒருவர், முதுகில் பையும் ஹேண்டில்பாரில் டிபன் கேரியருமாக, ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் வீடு வரைக்கும் உட்கார்ந்தே வருகிறார்.

*

சீட் உயரம். இதைப் பற்றித்தான் நிறையக் குறித்துவைத்திருக்கிறேன்.

குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடல் அடிக்குப் போகும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். ஓட்டுகிற அளவு அதுதான். எர்ணாவூரில் பார்க்கிற சைக்கிள்களில் சீட் அதைவிட நாலு விரற்கடையாவது கீழே இருக்கும். சில சைக்கிள்களில் சீட் பைப் முழுக்க உள்ளே போய்விட்டிருக்கும். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "லாரி ஒரசிக்கினு போச்சுன்னா டக்குனு கால் ஊன வாணாமா?"

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். அதுதான் இங்கே அளவு. சாலையின் இடது ஓரம் முழுக்க நிறுத்திவைத்த டிரெய்லர்கள். அவற்றைச் சுற்றிப் போக வலப்பக்கம் ஒதுங்கினால், பின்னால் ஓடுகிற டிரெய்லர்கள். அந்த இடைவெளியில் போகிறவர் முழங்கால் கோணத்தையா பார்ப்பார்?

ஆனால் தாழ்ந்த சீட்டின் விலையை உடம்பு கொடுக்கிறது. கால் நீளும் அளவுக்குச் சீட் இருந்தால், மிதிக்கும்போது எடையில் ஒரு பங்கைக் கால் தாங்கும். குழி வந்தால் சட்டென்று எழும்பவும் முடியும். சீட் தாழ்ந்துவிட்டால் முழங்கால் மடங்கியே கிடக்கும், எடை முழுக்கச் சீட்டில் விழும். வலி இடுப்பிலும் முழங்காலிலும் ஏறும். "சீட்டு சரியில்ல" என்று சீட்டை மாற்றுவார்கள். புதுச் சீட்டையும் அதே உயரத்தில்தான் மாட்டுவார்கள், வலியும் அப்படியே இருக்கும்.

சீட்டை ஏற்றுங்கள் என்று யாரிடமும் மனசாரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு விரற்கடை ஏற்றிப் பாருங்கள், ஒரு வாரம் ஓட்டுங்கள், பயமாக இல்லையென்றால் இன்னொரு விரற்கடை. அவ்வளவுதான் சொல்கிறேன். இந்த ஊரில் சைக்கிள் சீட்டின் சுகத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டுமென்றால், டிரெய்லர்களுக்கு நிறுத்த இடமும் சைக்கிளுக்கு ஒரு ஓரமும் கொடுப்பதில்தான் தொடங்க வேண்டும்.

*

கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்ல சீட் என்று கணக்கு. முந்நூறு ரூபாய் சுமாருக்கு ஜெல் கவர் ஒன்றும் மேலே சேரும். முதல் வாரம் எல்லோருக்கும் திருப்தி. யார்டு செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் சொன்னது: "புதுசுல மெத்துனு கீது. கொஞ்ச நாள்ல பூந்துடுது. அப்பால பலகை மேல குந்துன மாரி."

மெத்தென்று இருப்பதே தொல்லை என்பதை நம்ப வைப்பது கஷ்டம். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகள். பஞ்சு ரொம்ப மென்மையாக இருந்தால் அந்த முனைகள் அமிழ்ந்துவிடும்; இரண்டுக்கும் நடுவில் பஞ்சு புடைத்துக்கொண்டு மேலே வரும். அந்த நடுப்பகுதியில்தான் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. மரத்துப்போவது அதனால்தான். ஆண்கள் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். "லேசா மரத்துப்போவுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் 90 பேருக்கு, முன்னால் நீளும் மூக்கு இல்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் ஓட்ட வைத்தது. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. முந்தைய ஆறு மாதத்தில் மரத்துப்போகவே இல்லை என்று சொன்னவர்கள் ஆரம்பத்தில் 27 சதவீதம். மூக்கில்லாத சீட்டுக்கு மாறிய பின் 82 சதவீதம். வேலைக்காகத் தினம் சைக்கிள் ஓட்டும் உடம்புகளைப் பற்றிய ஆய்வு என்பதால் எனக்கு இது முக்கியம். நம் யார்டு ஆட்களும் அந்த வகைதான்.

மூக்கில்லாத சீட்டை நம் கடைகளில் நான் பார்த்ததில்லை. நடுவில் பள்ளம் விட்ட சீட் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால், சீட் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். சமமாக, அல்லது இம்மி கீழே இருக்கட்டும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பெடல் மேல் எழுந்து நின்றுவிட்டு உட்காரலாம். அப்படியும் மரத்துப்போவது நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

*

அகலம். எடையோ உருவமோ பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒல்லியான ஆளுக்கு எலும்பு முனைகள் தள்ளியிருக்கலாம், பருமனானவருக்குக் கிட்டத்தில் இருக்கலாம். பொதுவாகப் பெண்களுக்கு இடைவெளி அதிகம். அளப்பதற்கு ஒரு துண்டு அட்டைப்பெட்டி போதும். கெட்டியான பெஞ்சு மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் குனிந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதைவிட இரண்டு சென்டிமீட்டர் போலக் கூடுதல் அகலமுள்ள சீட் வேண்டும். கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அன்றே பழ அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டார்.

*

ஒரு அக்கா. சுனாமி குடியிருப்பில் வீடு. துப்புரவு வேலைக்குக் கம்பெனிக்குப் போகிறார். ஓட்டுவது, மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. எர்ணாவூரில் இப்படி நிறைய. பிள்ளை பள்ளியை முடித்ததும் சைக்கிள் அம்மாவுக்கு வந்துவிடுகிறது. அகலமான சீட், பின்னால் இரண்டு ஸ்பிரிங், நிமிர்ந்து உட்காரும்படி ஹேண்டில்பார். வலிக்குமா என்றால், "சீட்டு ஒண்ணும் பண்ணல தம்பி, செயின்தான் கயண்டுக்குது" என்கிறார். மகன் வாங்கிய எம்டிபியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். குனிந்து உட்கார வேண்டியிருக்கிறது, சுடிதார் டாப்ஸ் சீட் மூக்கில் மாட்டிக்கொள்கிறது, வேண்டாம் என்று விட்டுவிட்டார். நான் கேட்டவரையில், தன் சீட்டைப் பற்றிக் குறையே சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

*

உழைப்பு. சீட் எத்தனை வருஷம் வரும் என்று கேட்பவருக்கு இந்த ஊரில் பதில் சொல்வது உப்புக்காற்று.

முதலில் போவது எல்லோரும் நினைக்கிற ரெக்சின் இல்லை. சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் ரெக்சினை உள்பக்கம் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பது தெரியும். துரு முதலில் அந்தப் பின்களில்தான் ஏறுகிறது. ஒவ்வொன்றாக உதிர, மூக்குப் பக்கம் ரெக்சின் உரிந்து மேலே சுருண்டுவிடும். அங்கே பேன்ட் மாட்டிக் கிழியும். பிறகு வெயில்: ரெக்சினின் இளக்கம் போய் விறைத்து வெடிக்கும். வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்கிப் பஞ்சில் தங்கும். மழை விட்டு மறுநாளும் உட்கார்ந்தவுடன் பேன்ட் நனைவது அதனால்தான். நிலக்கரித் தூசியும் அந்த ஈரத்தோடு சேர்ந்தால் கறை துணியை விட்டுப் போவதே இல்லை.

பாலிதீன் கவர் கட்டுகிறார்கள். மழைக்குச் சரி. வெயில் நாளிலும் அப்படியே விட்டால் உள்ளே ஈரம் அடைந்து, சீட்டுக்கு அடியில் ஓடுகிற இரண்டு கம்பிகளில் துரு ஏறும். ஏழு மில்லிமீட்டர் கனம்தான் அந்தக் கம்பி. குழியில் விழும் எடை முழுக்க அதில்தான் இறங்குகிறது. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கம்பியிலும் ஸ்பிரிங்கிலும் கொஞ்சம் எண்ணெய்த் துணி போட்டால் ஆயுள் கூடும். இதைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் செய்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்தது. அதில் மூழ்கிய சைக்கிள்களுக்கு பேரிங், செயின் எல்லாம் கழுவிப் போட்டார்கள். சீட்டுக்கு வழியில்லை. பஞ்சு குடித்த எண்ணெய் எத்தனை சோப்புக்கும் வெளியே வராது. வெயிலில் நிறுத்தினால் மறுபடி நாறும். பழுதாகாத சீட்டையும் கழற்றி எறிய வேண்டியிருந்தது. இழப்பீட்டுக் கணக்கில் படகுகள் வந்தன, வர வேண்டியவைதான். கூலிக்காரரின் சைக்கிளையும் சேர்த்திருக்க வேண்டும்.

*

திருட்டு. எம்டிபி சீட்டைக் கையாலேயே தளர்த்த ஒரு லீவர் உண்டு. மலையில் இறங்குகிறவருக்கு வசதி. ஸ்டேஷன் ஸ்டாண்டில் அதே வசதி வேறு யாருக்கோ. விவரம் தெரிந்தவர்கள் வாங்கின அன்றே லீவரைக் கழற்றிவிட்டு போல்ட் நட் போட்டுக்கொள்கிறார்கள்.

*

டயர் காற்று. சீட்டுக்குச் செலவழிக்கும் முன் இதைப் பார்க்கச் சொல்கிறேன். கடை கம்ப்ரெஸரில் கல் மாதிரி அடித்து அனுப்புகிறார்கள். எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை அடிக்கலாம் என்று டயரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். லோடு இல்லாமல் போகிறவர் அதில் குறைந்த அளவை ஒட்டி வைத்துக்கொண்டால் குழியின் அதிர்ச்சியைத் தடி டயரே பாதி வாங்கிக்கொள்ளும். காசு செலவில்லாத சுகம் இது.

*

சென்னைக்காரர்களுக்கு சைக்கிள் சீட் அந்நியச் சரக்கு இல்லை. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையிலிருந்துதான் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஊர் ஊராகப் போயின. அந்தக் காலத்துக் கறுப்புச் சைக்கிளின் ஸ்பிரிங் சீட் கனம். ஆனால் பாரம் ஏற்றி, உட்கார்ந்தே நாள் முழுக்கப் போகிறவருக்கென்று செய்தது. இங்கிலாந்தில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ், 1882இல் தன் முதல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது. ஓட்ட ஓட்ட அந்தத் தோல் உட்காருகிறவரின் உடம்புக்கு ஏற்பப் படியும் என்பார்கள். நம் ஊர் மழைக்கும் உப்புக்கும் தோல் சீட் தாங்காது. ஸ்பிரிங் சீட் தாங்கும். எர்ணாவூர் எம்டிபிகளுக்கு வேண்டியது அந்தப் பழைய ஸ்பிரிங் சீட்தான் என்பது என் முடிவு.

*

அதை எம்டிபியில் மாட்ட முடியுமா என்று பஞ்சர் கடைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். ஒரு எம்டிபியின் சீட் கிளாம்ப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இரண்டு பக்கமும் பல் வெட்டிய வட்டங்கள். ஒன்றோடொன்று பிடித்துச் சீட்டின் சாய்வை நிறுத்துபவை. அதில் பல் தேய்ந்து வழவழவென்று இருந்தது, செம்பொடியாகத் துரு கொட்டியது. சீட் மூக்கு அடிக்கடி தூக்கிக்கொள்கிறது என்று அந்தச் சைக்கிள்காரர் மூன்று தடவை நட்டை முறுக்க வந்தாராம். பல்லே இல்லாதபோது முறுக்கி என்ன பயன்? கிளாம்ப்பை மாற்றினால் ஐந்து நிமிஷ வேலை. மலிவு எம்டிபிகளில் சீட் பைப்பின் தலை கறுப்புச் சைக்கிள் அளவேதான் என்றும், ஸ்பிரிங் சீட்டை அதன் கிளாம்ப்போடு அப்படியே இறக்கிவிடலாம் என்றும் சொன்னார். செக்யூரிட்டி அண்ணன் சைக்கிளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்ப்பதாக இருக்கிறது. ஸ்பிரிங் உயரம் சேர்வதால் சீட் பைப்பை அண்ணன் இன்னும் எவ்வளவு இறக்கச் சொல்வார் என்பதை அன்றைக்கு அளந்து எழுத வேண்டும்.