நீர்க்கோட்டிற்குக் கீழே

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மோட்டார்ப் படகு வாங்கினார் என்னும் செய்தி ஆசிரியர் அறையில் எத்தகைய நகைப்பை எழுப்பும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. வீடு வாங்கினால் வாழ்த்துவர், கார் வாங்கினால் விலை கேட்பர், படகு வாங்கினாலோ, "சம்பளம் போதவில்லை என்று கூட்டத்தில் முழங்கியவர் இவர்தாமா?" என்று கேட்பர். உண்மையில் அப்படகில் மூன்றில் ஒரு பங்கே என்னுடையது. எஞ்சிய பங்குகள், நில அளவையாளராய் இருந்து ஓய்வு பெற்ற என் நண்பருக்கும் என் மைத்துனருக்கும் உரியவை. இருபத்தாறு அடி நீளம், கண்ணாடியிழை உடல், உள்ளே ஒரு டீசல் இயந்திரம், இருவர் படுத்துறங்கத்தக்க ஒரு சிற்றறை. கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர், 2022ஆம் ஆண்டில், ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே ஒரு துறையில் ஓராண்டுக்கு மேலாக ஓடாமல் கட்டிக் கிடந்ததை வாங்கினோம்.

ஏன் வாங்கினேன் என்றால், கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். பால்மரம் சீவிய என் தந்தையார் ஜொகூர் ஆற்றங்கரையில் நின்று படகுகளைக் காட்டியிருக்கிறார்; ஏறியதில்லை. 1587ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் அழித்த பழைய தலைநகராகிய ஜொகூர் லாமாவைக் குறித்து மாணவர்க்குப் பன்முறை பாடம் நடத்தியவன், அவ்விடத்தை ஒரு முறையேனும் ஆற்றின் வழியாகச் சென்று காண வேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவே.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த 1990களின் தொடக்கத்தில் நிகண்டுச் சொற்களை மனப்பாடம் செய்தோம். கலம், வங்கம், நாவாய், அம்பி, பஃறி, திமில், தோணி, ஓடம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். மீனவர் முன்முனையை அணியம் என்று வழங்குவதும், நம் கட்டுமரம் ஆங்கிலத்துள் புகுந்து குடியேறியதும் அறிவேன். ஆயினும் மிதக்கும் ஒரு பொருள் ஏன் மிதந்துகொண்டே இருக்கிறது என்பதை அன்று வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

படகை விற்றுக் கொடுத்த நாளில், எழுபது வயது கடந்த சீன மெக்கானிக் ஒருவர் அடித்தட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மலாய் மொழியில் சொன்னார்: "முதலில் அடியைப் பார், சிக்கு. பிறகு தண்ணீர் போகும் வழியைப் பார். பெயின்டு கடைசியில்." ஆசிரியரை மலாயில் சிக்கு என்று விளிப்பர். தமிழில் அச்சொல்லுக்கு உரிய பொருளும் எனக்குப் பொருந்தும் என்பது பின்னர்த்தான் தெரிந்தது.

நாங்கள் பெயின்டில் தொடங்கினோம். மேற்புறத்திற்கு வெண்மை பூசினோம். இருக்கைகளுக்கு நீல உறை தைத்தோம். இரண்டு ஒலிபெருக்கிகளோடு வானொலிப் பெட்டி பொருத்தினோம். எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அணியத்தின் இரு பக்கமும் 'நெய்தல்' என்று அழகிய தமிழ் எழுத்துகளில் எழுதித் தந்தார். மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் செலவாயிற்று. துறைக்கு வந்தோர் அனைவரும் நின்று பார்த்தனர். முதிய மெக்கானிக் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமற் போனார்.

படகு இயந்திரம் குளிரும் முறையை ஈண்டுச் சிறிது சொல்ல வேண்டும். இல்லையேல் பின்வருவது விளங்காது. காரில் காற்று செய்யும் பணியைப் படகில் கடல்நீர் செய்கிறது. அடிப்புறத்தில் ஒரு துளை வழியாக நீர் உள்ளே வந்து, ஒரு வடிகட்டியைக் கடந்து, ஒரு பம்ப்பினுள் புகுகிறது. அந்தப் பம்ப்பின் உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று ஆறு சிறகுகளோடு சுழல்கிறது, இம்பெல்லர் என்பர். அது தள்ளும் நீர், இயந்திரத்தின் வெப்பத்தை வெப்பமாற்றிக் குழல்களில் வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து பின்புறத்தில் கொப்பளித்து வெளியேறுகிறது. படகோட்டத் தெரிந்தவன் இயந்திரத்தை முடுக்கியதும் முன்னே பார்க்க மாட்டான். பின்னே குனிந்து, நீர் விழுகிறதா என்று பார்ப்பான். ஓடாமல் கிடக்கும் படகில் அச்சிறகுகள் ஒரே வளைவில் நின்று இறுகி வெடிப்புறும். அதன் விலை, குடும்பத்தோடு ஒரு வேளை உணவகத்தில் உண்ணும் செலவுக்கு மேற்படாது.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். நாங்கள் மூவர், மைத்துனரின் பதினொரு வயது மகன் நான்காமவன். மேற்கே செல்ல வழியில்லை. 1924ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தில், சிறு கலங்கள் கடந்து செல்வதற்கென ஜொகூர்க் கரையோரம் ஒரு மதகுக் கால்வாய் இருந்தது. 1942ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரித்தானியப் படை வைத்த வெடியில் அது சிதைந்தது. பாலம் மீண்டது, படகு வழி மீளவில்லை. எனவே கிழக்கு நோக்கி, பாசிர் கூடாங் துறைமுகத்தைக் கடந்து, ஜொகூர் ஆற்று முகத்துக்குச் செல்வது எங்கள் திட்டம். வானொலி உரக்கப் பாடிற்று. அதனால் இயந்திரத்தின் ஒலி மாறியதை ஒருவரும் கேட்கவில்லை.

துறைமுகத்தின் எதிரே வந்தபோது சிறுவன்தான், "மாமா, பின்னால் தண்ணீர் வரவில்லை, புகை மட்டும் வருகிறது" என்றான். வெப்பமானியின் முள் சிவப்பில் கிடந்தது. எச்சரிக்கை மணி ஒலித்திருக்க வேண்டும், ஒலிக்கவில்லை. அதன் கம்பியை முன்னைய உரிமையாளர் எக்காலத்திலோ கழற்றிவிட்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தினோம். அப்போதுதான் நீரோட்டத்தின் வலிமை தெரிந்தது. ஓதம் பெரிதாக இருக்கும் நாள்களில் இந்நீரிணையில் நீர் ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்கும். அன்று இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கிழக்கே, கப்பல்கள் திரும்பும் பக்கம் இழுத்துச் சென்றது. தெற்கே பூலாவ் உபின் தீவு. 1927ஆம் ஆண்டு உடன்படிக்கையும் 1995ஆம் ஆண்டு உடன்படிக்கையும் வகுத்த எல்லை அங்கே எங்கோ நீருக்குள் ஓடுகிறது. அதை அனுமதியின்றிக் கடந்தால் அயல்நாட்டினுள் நுழைந்தவராவோம். நில அளவையாளராகிய நண்பர், வாழ்நாள் முழுதும் எல்லைக்கல் நட்டவர், கல் நட இயலாத அந்த எல்லையை முகம் வெளிறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிர்காப்பு அங்கிகள் நான்கு இருந்தன. நான்கும் பெரியவர்களுக்கு உரியவை. சிறுவனுக்கு அணிவித்தால் தோள் வழியே நழுவிற்று. மைத்துனர் தம் இடைவாரைக் கழற்றி அவனுடைய கால்களுக்கிடையே கொடுத்து இறுக்கிக் கட்டினார். அவர் கைகள் நடுங்கின. என்னை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. புது இருக்கை உறைக்கு நிறம் தேர்ந்தவன் நான்தான்.

காத்தது நங்கூரம். துருப்பிடித்த அந்தப் பழைய நங்கூரத்தை மாற்றிப் பளபளப்பான ஒன்று வாங்க எண்ணியிருந்தோம். வானொலிக்குப் பணம் போய்விட்டதால் தள்ளிப்போட்டிருந்தோம். ஆழம் பத்து மீட்டர் அளவு. கயிறு ஐம்பது மீட்டர். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கேனும் கயிறு விட்டால்தான் நங்கூரம் படுத்து மண்ணைக் கவ்வும் என்பதை அந்த மெக்கானிக் சொல்லியிருந்தார். அவர் சொன்னவற்றுள் நான் கைக்கொண்டது அந்த ஒன்றே. இரு முறை இழுபட்டு, மூன்றாம் முறை பற்றிக்கொண்டது.

இரண்டு மணி நேரம் அங்கே கிடந்தோம். பேச்சில்லை. எனக்கு ஒரு மாணவனின் நினைவு வந்தது. பெயர் வேண்டா. குறள் ஒப்பித்தல் போட்டியில் எங்கள் பள்ளிக்குக் கேடயம் பெற்றுத் தந்தவன். கணீரென்ற குரல். நான்கு ஆண்டுகள் எல்லா விழாக்களிலும் அவனை மேடையேற்றினோம். ஆறாம் ஆண்டில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் உள்ளதைப் படித்துச் சொல்லுமாறு தற்செயலாகப் பணித்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. கேட்டவற்றையெல்லாம் செவிவழியாகவே மனத்தில் ஏற்றியிருந்தான். அவனை வகுப்பில் கண்ட ஆசிரியர் எத்தனை பேர்! நான் உட்பட ஒருவரும் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. எஞ்சிய எட்டு மாதங்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கே அவனைக் கொண்டுவர முடிந்தது. இப்போது எங்கிருக்கிறான் என்று அறியேன்.

கோலா மாசாய்ப் பக்கத்து ஓராங் செலேத்தார் மீனவர் ஒருவர் எங்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தார். கடலோடும் சதுப்புக் காட்டோடும் பல தலைமுறையாக வாழ்பவர்கள் அவர்கள். துறையில் வடிகட்டியைத் திறந்தபோது உள்ளே விரல் நகமளவு பச்சைச் சிப்பிகள் அடர்ந்திருந்தன. "இது கூப்பாங். நான் விற்பதை நீங்கள் இலவசமாக வளர்க்கிறீர்கள்" என்று அவர் சிரித்தார். எரிபொருட் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்கவில்லை.

அதன்பின் முதியவர் சொன்ன வரிசைக்கு வந்தோம். படகைக் கரையேற்றினோம். அடிப்புறத்தைக் கண்டபோது எனக்கு நாணமாக இருந்தது. மேலே 'நெய்தல்', கீழே மலாய்க்காரர் தெரித்திப் என்றும் நம் மீனவர் கொட்டலசு என்றும் சொல்லும் ஒட்டுயிர்கள் ஒரு விரற்கடை தடிப்பில். சுழல்விசிறியின் அருகே ஒரு துத்தநாகக் கட்டி திருகப்பட்டிருந்தது. உப்புநீரில் வெவ்வேறு உலோகங்கள் மின்தொடர்பு பெற்றால் அவற்றுள் ஒன்று அரிக்கப்படும். துத்தநாகம் தான் அரிபட்டு வெண்கலத்தைக் காக்கும். ஆசிரியரை மெழுகுவத்திக்கு ஒப்பிட்டுச் சலித்த கவிஞர்கள் இனி இதனை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கட்டி சிறிதும் அரிபடவில்லை. யாரோ அதன் மேலும் வண்ணம் பூசியிருந்தார்கள். நீர் படாத துத்தநாகம் எதனையும் காவாது. விசிறியின் ஓரங்கள் கடித்துத் துப்பியவைபோல் இருந்தன.

இவ்வுத்தியை முதலில் முயன்றவர் ஆங்கில வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவி. 1824ஆம் ஆண்டளவில், போர்க்கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடு அரிபடாதிருக்க இரும்பும் துத்தநாகமும் பொருத்தினார். செம்பு அரிபடவில்லை. ஆனால் செம்பு கரைந்ததால் அல்லவா ஒட்டுயிர்கள் அண்டாதிருந்தன! கரைவது நின்றதும் அவை மொய்த்துக்கொண்டன. கப்பல்கள் விரைவு குன்றின. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. மாணவர்க்கு இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் டேவிக்காக வருந்துவர். எனக்கோ ஆறுதலாக இருக்கும்.

இன்றைய அடிப்பூச்சுகளிலும் செம்பே பெரும்பாலும் நஞ்சாகப் பயன்படுகிறது. அதனினும் கொடிய ட்ரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் முன்பு வழங்கிற்று. பிரான்சின் அர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் அதனால் உருக்குலைந்தன. அந்நாடு 1982ஆம் ஆண்டில் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. அனைத்துலக உடன்படிக்கை 2001ஆம் ஆண்டில் உருவாகி 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எங்கள் படகின் பழைய பூச்சுகள் எத்தனை அடுக்கு, எந்தக் காலத்தவை என்று யாருக்கும் தெரியாது. சுரண்டியதை ஓதநீர் கொண்டுபோகட்டும் என்றார் மைத்துனர். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நான் உடன்படவில்லை. 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாசிர் கூடாங் வட்டாரத்துக் கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை நோயில் வீழ்த்தியது. அவர்களுள் மாணவர் பலர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. நான் அப்போது பொறுப்பிலிருந்த பள்ளி அவற்றுள் ஒன்று. மூச்சுத் திணறிய பிள்ளையைத் தோளில் சுமந்து வாயிலுக்கு ஓடிய ஆசிரியையை நான் கண்டவன். எங்கள் சுரண்டல்தூள் அதற்கு ஒப்பாகாது, அளவில் அற்பம். எனினும் தரையில் கித்தான் விரித்து, ஈரப்படுத்திச் சுரண்டி, தூளைப் பைகளில் கட்டி, அபாயக் கழிவு ஏற்பவரிடம் பணம் கொடுத்தே ஒப்படைத்தோம். மைத்துனர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சிறுவனுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி ஒன்றை வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் சிற்றறையில் மாட்டினார்.

எரிபொருள் வடிகட்டி, மின்கலம், அடியில் தேங்கும் நீரை இறைக்கும் கருவி ஆகியவற்றை மாற்றிய கதை நீளும், சுவையும் இல்லை. எச்சரிக்கை மணியின் கம்பியை நானே இணைத்தேன். முதன்முறை அது அலறியபோது துறையிலிருந்த நாய்கள் குரைத்தன.

இறுதியாகப் பம்ப்பைத் திறந்தார் முதியவர். ஆறு சிறகுகளில் மூன்றே எஞ்சியிருந்தன. அதைக் கையில் வாங்கிப் பார்த்து, என் தந்தையார் சீவிய மரத்துப் பாலாக இருக்குமோ என்றேன். "இல்லை சிக்கு. மரத்துக் கித்தா எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். இது தொழிற்சாலைக் கித்தா" என்றார். புதிய இம்பெல்லரைப் பொருத்தியதும் இயந்திரத்தை முடுக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். மூன்று துண்டுகளும் எங்கே என்றார்.

குழாய்களைக் கழற்றினோம். ஒரு துண்டு பம்ப்பின் வாயிலேயே இருந்தது. மற்றொன்று வளைகுழாயில் கிடைத்தது. மூன்றாவதைக் காணவில்லை. ஒரு துண்டுதானே, போகட்டும் என்றார் நண்பர். முதியவர் சாவியைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மதியம் கடந்தது, மழை வந்து ஓய்ந்தது. வெப்பமாற்றியின் மூடியைத் திறந்து, அதன் மெல்லிய குழல்கள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தோம். விளக்கைப் பிடித்திருந்தவன் சிறுவன். மாலை ஐந்து மணிக்கு, கீழ் வரிசைக் குழல் ஒன்றின் வாயை அடைத்தபடி, சுருண்டு கருத்த ஒரு சிறு துண்டு இருந்தது. முதியவர் அதை இடுக்கியால் எடுத்து, மற்ற இரண்டோடும் உடைந்த சக்கரத்தோடும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பொருந்திற்று. சாவியை எடுத்துச் சிறுவனிடம் கொடுத்தார்.

அவன் முடுக்கினான். நாங்கள் மூவரும் பின்புறத்தில் குனிந்து நின்றோம்.