கடைசித் தெருவின் குழாய்

குழாயை மெல்லத் திறந்து பாருங்கள். கண்ணாடிக் கம்பிபோல் நீர் அசைவின்றி இறங்கும். இன்னும் சற்றுத் திருகினால் அந்தத் தெளிவு கலைந்து சலசலக்கும். முன்னதை வரிச்சீர் ஓட்டம் என்றும் பின்னதைச் சுழற்சி ஓட்டம் என்றும் இயற்பியல் நூல்கள் கூறும். பாடமாகப் படித்திருந்தும், ஒரு தெருவைத் தாகத்தில் விட்ட பின்னரே இவ்வேறுபாட்டை நான் உணர்ந்தேன்.

குடிநீர்ப் பணியில் இளம் மேற்பார்வையாளனாக இருந்த காலம் அது. சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் கடைசித் தெருவுக்கும் இணைப்புகள் தர வேண்டியிருந்தது. நண்பகலில், பாதிக் குழாய்கள் மூடியிருந்த வேளையில், அழுத்த இழப்பை அளந்தேன். எல்லாரும் திறந்தால் ஓட்டம் இரு மடங்காகும், இழப்பும் இரு மடங்காகும் என்று கணக்கிட்டேன். பழைய 80 மி.மீ. குழாயே போதும் என எழுதினேன். செலவைக் குறைத்த பெருமிதம் வேறு.

நீர் வந்ததோ விடியற்காலையில். பட்டாசு ஆலை வண்டி வரும் அதே நேரத்தில். ஊரே குழாயடியில் நின்றது. முதல் தெருவில் குடங்கள் நிரம்பி வழிந்தன. கடைசித் தெருவில் ஒரு தாய், "தம்பி, குழாயில காத்துத்தான் வருது" என்றார். காத்திருந்து வண்டியைத் தவறவிட்ட அவருக்கு அன்றைய கூலி போயிற்று.

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய் நீரில் சாயம் விட்டு ஆராய்ந்தார். வேகம் குறைந்தபோது சாயம் ஒற்றை இழையாய்ச் சென்றது. கூடியபோது சிதறிக் கலந்தது. இழையாய்ச் செல்லும் ஓட்டத்தில் இழப்பு வேகத்திற்கு நேர்விகிதம். சுழற்சியிலோ ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கை நெருங்கும். 100 மி.மீ. குழாயில் நொடிக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வேகத்தைத் தாண்டினாலே அமைதி குலையத் தொடங்கிவிடும். ஊர்க் குழாய்கள் அதைவிடப் பன்மடங்கு விரைவானவை. அங்கே இல்லாத அமைதியை நான் என் கணக்கில் வைத்திருந்தேன்.

சுழற்சியைப் பழிப்பதற்கில்லை. குளோரின் நீர் முழுவதும் கலப்பது அதனால்தான். ஆனால் அதற்குரிய விலையைக் குழாயின் அகலத்தில் கொடுத்தாக வேண்டும். 80 மி.மீ.க்குப் பதில் 100 மி.மீ. இட்டால், அதே ஓட்டத்திற்கு இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். தாமிரபரணி நீர் நெடுந்தொலைவு கடந்து விருதுநகருக்கும் சாத்தூருக்கும் வந்து சேரும் இவ்வறண்ட பூமியில், அழுத்தத்தின் ஒவ்வோர் அடியும் மின்சாரம் செலவிட்டுப் பெற்றது.

மறு ஆண்டில் என் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டு, அகன்ற குழாய் பதிக்கச் செய்தேன். அதன்பின் எங்கே அளக்கச் சென்றாலும் நண்பகலில் செல்வதில்லை. விடியலில், ஊர் முழுதும் குடத்தோடு நிற்கும் வேளையில், கடைசித் தெருவிலிருந்தே தொடங்குவேன். அந்தத் தாயின் ஒருநாள் கூலி மட்டும் இன்னும் என் கணக்கில் கடனாகவே நிற்கிறது.